யாருக்கு என்று கேட்காத ஊரில் ஓடுகிறேன்

இந்த ஊருக்கு வந்த முதல் வாரம். இங்கிலாந்தின் வடக்கே, நெசவாலைகள் மூடப்பட்டுப்போன ஒரு பழைய நகரம். காலையில் குப்பைப் பெட்டியைத் தெருவோரம் இழுத்து வைக்க வெளியே வந்தபோது, தூறலில் ஒரு மனிதர் எங்கள் வீட்டைக் கடந்து ஓடினார். நடுத்தர வயது. முகம் சிவந்திருந்தது, வாய் திறந்திருந்தது. நான் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுச் செருப்போடு அவர் பின்னால் ஓடினேன். தெருமுனைச் சிவப்பு விளக்கில் அவர் நின்றபோதுதான் எட்டிப் பிடிக்க முடிந்தது. "யாருக்கு? என்ன நடந்தது?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் காதிலிருந்து எதையோ கழற்றினார். என் செருப்பைப் பார்த்தார். "உங்களுக்கு ஒன்றுமில்லையே? யாரையாவது கூப்பிடட்டுமா?" என்றார். அவருக்கு நான் உதவ வந்தேன், எனக்கு அவர் உதவ நின்றார். இருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. விளக்கு பச்சையானதும் அவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடிப் போனார்.

இலங்கை மலையகத்தில், தெமோதரைக்கு மேலே நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் காரணமில்லாமல் யாரும் ஓடுவதில்லை. விறுவிறுவென்று நடப்பார்கள், ஏறுவார்கள், சுமப்பார்கள். ஆனால் வளர்ந்த ஒருத்தி தோட்டப் பாதையில் ஓடுகிறாள் என்றால் மலையில் யாருக்கோ குளவி கொட்டியிருக்கிறது, அல்லது பாம்பு, அல்லது பிரசவ வலி, அல்லது மண் சரிந்திருக்கிறது. பார்ப்பவர் முதலில் "யாருக்கு?" என்று குரல் கொடுப்பார். பதில் வரும்வரை காத்திருக்க மாட்டார், கூடவே ஓடத் தொடங்குவார். அந்தக் குரலை அடுத்த மலை வாங்கிக்கொள்ளும். இதை எந்த நிர்வாகமும் கற்றுக்கொடுக்கவில்லை. வாகனம் இல்லாத இடத்தில், மருத்துவர் இல்லாத இடத்தில், ஆட்களே கண்டுபிடித்துக்கொண்ட ஏற்பாடு இது. இந்த ஆண்டு ஆடி மாதம், அப்படி ஓடியதற்காக என் அண்ணி புஷ்பத்துக்கும் அவளோடு கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும் அரைப் பேர் வெட்டினார்கள். தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்கு ஒரு 'பேர்' போடுவார்கள். அரைப் பேர் என்றால், முழு நாளும் மலையில் நின்றவள் பாதி நாள்தான் நின்றாள் என்று எழுதுவது. பதுளையில் சில ஆண்டுகள் பத்திரிகை நிருபராக இருந்தவள் நான். முக்கியமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. இந்தக் கட்டுரை அந்த அரைப் பேரைப் பற்றியது.

அவர்கள் ஓடியது என்னைப் பார்த்து. நான் ஓடியது என் சீனி வியாதிக்காக.

இங்கிலாந்தில் டாக்டர் மாத்திரையோடு ஓர் அறிவுரையும் சொன்னார். வாரத்தில் சில நாள் மூச்சு வாங்கும்படி ஏதாவது செய்யுங்கள் என்றார். நூலகச் சுவரில், இதுவரை ஓடியே இராதவர்களுக்கான குழு என்று ஒரு விளம்பரம் இருந்தது. நடத்துபவர் ஜேனட், ஓய்வுபெற்ற ஆசிரியை, கோழி முட்டைபோல் வழவழப்பான வெள்ளை முடி. முதல் நாள் கால்வாய்க் கரையில் ஒரு விளக்குக் கம்பம்வரை ஓடி, அடுத்த கம்பம்வரை நடந்தோம். அதற்கே என் நெஞ்சு அடைத்தது. பக்கவாட்டில் விலா பிடித்துக்கொண்டது. நான் ஓடிய விதம் ஜேனட்டுக்குப் பிடிக்கவில்லை. "எதற்கு இந்த அவசரம்? யாரும் துரத்தவில்லையே" என்றார். மெதுவாக ஓட எனக்குத் தெரியவில்லை. மெதுவாக ஓடுவது எனக்குப் பொய் சொல்வதுபோல் இருந்தது. பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும், பேச முடியாவிட்டால் வேகம் அதிகம், அதுதான் ஜேனட்டின் ஒரே சட்டம். நான் அறிந்த ஓட்டத்தில் கத்துவார்கள். பேசுவதற்கு அங்கே நேரம் இருக்காது.

ஆனாலும் பழகியது. கம்பங்கள் கூடின, நடை குறைந்தது. குளிர்காலம் முடிவதற்குள் கால்வாயின் முதல் பாலம்வரை நிற்காமல் போகக் கற்றேன். வாரத்தில் ஒரு நாள் நீண்ட ஓட்டம், மற்ற நாட்களில் குட்டை ஓட்டம். நீண்டதைச் சென்ற வாரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட்ட வேண்டும். ஆசைப்பட்டு ஒருமுறை இரண்டு பாலம் தாண்டி ஓடினேன், கெண்டைக்கால் கல்லாகிப் பல நாள் படி இறங்க முடியவில்லை. உடம்பு கடன் வைத்துக்கொள்ளாது என்று புரிந்தது. வசந்தத்தில் சீனி இறங்கியது. இலையுதிர் காலத்தில் ஊரில் நடக்கும் அரை மரதன் ஓட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் ஜேனட் என் ஊரைப் பற்றிக் கேட்டார். மலைநாடு, தேயிலைத் தோட்டம் என்றேன். "அப்படியானால் உங்களுக்கெல்லாம் ஓட்டம் இரத்தத்திலேயே இருக்குமே! அந்த மலைகளில் எல்லோரும் ஓடுவார்கள்தானே?" என்றார். இல்லை, எங்கள் ஊரில் யாரும் ஓட மாட்டார்கள் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "எவ்வளவு நிதானமான வாழ்க்கை. நாங்கள்தான் தொலைத்துவிட்டோம்." எனக்குக் கோபம் வந்தது. பதில் சொல்லத் தொடங்கினேன். ஆனால் பேசிக்கொண்டே ஓட முடியும் வேகத்தில் சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை. வீட்டில் அவர் காய்ச்சும் தேநீரின் பெட்டியில் ஒரு பெண் கூடையோடு சிரித்துக்கொண்டு நிற்பாள். ஜேனட் நல்லவர். எங்களைப் பற்றி அவருக்குக் கிடைத்த ஒரே செய்தி அந்தப் பெட்டிதான்.

செய்தி எப்படிக் கிடைக்காமல் போகிறது என்று எனக்குத் தெரியும், நானே எழுதியவள். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் குளவி கலைந்து ஒரு பெண்ணைக் கொட்டியது. கூட நின்றவள் வாகனம் கேட்டு, மலையிலிருந்து தேயிலை ஆலைவரை வெறுங்காலோடு ஓடினாள். லொறி நின்றிருந்தது. கொழுந்து இறக்கி முடியட்டும் என்றார்கள். இறக்கி முடிந்தது. பதுளைக்குப் போகும் வழியிலேயே அந்தப் பெண்ணின் உயிர் போய்விட்டது. ஓடியவளை நான் அன்று மாலை பார்த்தேன். லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளின் படியில் உட்கார்ந்து, பாதத்தில் ஏறியிருந்த சிராய்களை ஊக்கால் எடுத்துக்கொண்டிருந்தாள். "நான் ஓடுனதுல ஒண்ணும் கொற இல்லீங்க. லொறிதான் நின்னுக்கிட்டிருந்துச்சு" என்றாள். அதை அப்படியே எழுதி அனுப்பினேன். மறுநாள் நான்கு வரி வந்தது. 'குளவிக் கொட்டுக்கு இலக்காகிப் பெண் தொழிலாளி பலி.' லொறி இல்லை, கொழுந்து இல்லை, ஓடியவளும் இல்லை. இலக்காகி என்ற அந்தச் சொல்லைப் பாருங்கள். குளவி குறிபார்த்ததாம். மற்ற யாருக்கும் அதில் பங்கில்லையாம்.

ஆடியில் விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போனேன். அண்ணன் லயத்திலேயே இருக்கிறார், கண் மங்கியதால் வேலையை விட்டுவிட்டார், அண்ணியின் பேரில்தான் குடும்பம் நடக்கிறது. நீண்ட ஓட்டத்தை ஒரு வாரம் விட்டாலும் சேர்த்த மூச்சு இறங்கிவிடும் என்ற பயம் எனக்கு. அண்ணியிடம் சொன்னேன்.

"ஓடப் போறியா? எங்க?"

"சும்மா, ரோட்டுல. சந்தி வரைக்கும் போயிட்டு வரேன்."

"சந்திக்குப் போக பஸ்ஸு இருக்குடி. எதுக்கு ஓடுற?"

"ஒடம்புக்கு நல்லது அண்ணி."

"எங்களுக்கு ஒடம்புக்கு நல்லதுனா படுத்துத் தூங்குறதுதான்" என்று சொல்லிவிட்டுப் பெரட்டுக்குப் போனாள். பெரட்டு என்பது காலையில் எல்லோரையும் ஒரு களத்தில் நிறுத்தி வேலை பிரிப்பது. அங்கே பேர் சொல்லாதவருக்கு அன்று வேலை இல்லை.

எல்லோரும் மலைக்குப் போனபின் இறங்கினேன். காற்று மரங்களை வளைத்துக்கொண்டிருந்தது. பாதை பல ஆண்டாகத் தார் காணாதது, கல் பெயர்ந்து கிடந்தது. கால்வாய்க் கரையின் சமதரையில் சேர்த்த மூச்சு முதல் ஏற்றத்திலேயே தீர்ந்தது. ஜேனட்டின் சட்டத்தை நினைத்து வேகத்தைக் குறைத்தேன், அடி சின்னதாக வைத்தேன், மெல்ல மெல்ல மூச்சு அடங்கி வந்தது. வளைவைத் தாண்டியதும் இறக்கம். கால் தானாக ஓடியது. பிறந்த மண்ணில் முதல்முறையாகச் சந்தோஷத்துக்காக ஓடுகிறேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் மேலே மலையிலிருந்து குரல் வந்தது. "யாருக்கூ?"

கை அசைத்தேன், ஒன்றுமில்லை என்று காட்ட. தூரத்திலிருந்து பார்த்தால் அது வாருங்கள் என்பதுபோல இருந்திருக்கும். அடுத்த மலையில் அதே குரல், அதற்கடுத்த மலையில். கொழுந்துப் பைகளைப் போட்டுவிட்டுப் பெண்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கினார்கள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டே சிலர் ஓடி வந்தார்கள். கொட்டுப்பட்டவளைப் போர்த்தி மூட அது வேண்டும். லயத்திலிருந்து ஒருவர் தூக்கிப் போகக் கம்பளி கொண்டு வந்தார். கீழே டிராக்டர் உறுமத் தொடங்கியது. எல்லோருக்கும் முன்னால் அண்ணி வந்தாள். நான் நின்றேன். அவளுக்கு இரைத்தது. என் தோளைப் பிடித்துத் திருப்பி, கழுத்தைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள், கைகளைப் பார்த்தாள்.

"எங்க கொட்டுச்சு?"

"ஒண்ணும் கொட்டல அண்ணி. நான் ஓடுறேன்னு சொன்னேனே."

"இப்படி ஓடுவேன்னு சொல்லலியே!"

பின்னால் வந்தவர்களுக்கு விஷயம் எட்ட எட்டச் சிரிப்பு கிளம்பியது. "சீமையில சாப்பாடு கூடிப்போச்சாம், அதக் கரைக்க வந்திருக்கு." "அடியே சாந்தி, கரைக்கணும்னா எங்கிட்ட சொல்லு, என் பைய நீ சொமந்துக்கிட்டு ஏறு." கம்பளி கொண்டுவந்தவர், "வந்தது வந்தாச்சு, ஏறிப் படு, லயம் வரைக்கும் தூக்கிட்டுப் போயிடறோம்" என்றார். நானும் சிரித்தேன். அவர்கள் மறுபடி மலைக்கு ஏறினார்கள். டிராக்டர் ஓட்டுபவர் இயந்திரத்தை அணைத்தார். குளவி இல்லாத ஒரு நாளில் அந்த ஏற்பாடு எவ்வளவு வேகமாக இயங்கும் என்று நான் கண்ணால் கண்டேன். இங்கிலாந்தில் அம்புலன்ஸ் வரும் வேகத்துக்கு அது குறைவில்லை.

மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை சொன்னார். மலையை விட்டு இறங்கியவர்களுக்கு அன்று அரைப் பேர். இறங்கியதில் கொழுந்து குறைந்துவிட்டதாம்.

நான் ஆபீசுக்குப் போனேன். சின்னத் துரை, நிர்வாகத்தில் இரண்டாம் ஆள், இளைஞர், மரியாதையாக நாற்காலி காட்டினார். நாங்கள் ஆங்கிலத்தில் பேசினோம். உங்கள் தொழிலாளர்கள் ஒரு உயிரைக் காப்பாற்றத்தான் ஓடினார்கள் என்றேன். "ஆனால் காப்பாற்ற உயிர் எதுவும் இல்லையே, மேடம்" என்றார். அது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். ஒழுங்கு என்றார். முதலிலேயே அறிவித்திருந்தால் அனுமதி ஏற்பாடு செய்திருக்கலாம் என்றார். பிறகு முகம் தெளிந்து, ஹோட்டல்காரர்கள் சிலர் இதே பாதையில் வெளிநாட்டவர்களுக்கு ஓட்டப் போட்டி ஒன்று நடத்தப் போகிறார்கள், காட்சி பிரமாதம், விரும்பினால் நீங்களும் சேரலாம் என்றார். தவறு என்னுடையது என்றால் என்னிடம் வெட்டுங்கள் என்றேன். அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே சொன்னார்: "நீங்கள் எங்கள் செக்ரோலில் இல்லையே, மேடம்." பேர் போடும் பதிவு அது. என் அம்மாவின் பெயர் அதில் இருந்தது, அவள் அம்மாவின் பெயரும் இருந்தது. என்னிடமிருந்து வெட்டக்கூட அங்கே ஒன்றுமில்லை.

மறுநாள் பெரட்டுக் களத்தின் ஓரத்தில் நின்றேன். கணக்கப்பிள்ளை குரலை உயர்த்தினார். "நேத்து மலைய விட்டு எறங்குனது யார் யாரு? கையத் தூக்குங்க."

அண்ணி தூக்கினாள். ஓடிவந்த மற்றவர்களும் தூக்கினார்கள். கடைசி வரிசையில் காமாட்சி அக்காவும் தூக்கியது. மூட்டுவலியால் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிற மனுஷி.

"நீயுமா?" என்றார் கணக்கப்பிள்ளை. "நீ நடக்குறதே பெரிய விஷயமாச்சே."

"ஏன் ஐயா, எனக்குக் கால் இல்லையா? எல்லாருக்கும் முன்னால ஓடுனது நான்தான். புஷ்பம் எனக்குப் பின்னாலதான் வந்தா, கேட்டுப் பாருங்க."

"ஆமாங்க ஐயா" என்றாள் அண்ணி. "புடிக்கவே முடியல."

களம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் ஒவ்வொரு கையாக எழுந்தது. நேற்று வேறு மலையில் மருந்து அடித்தவர்கள், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர்கள். கங்காணி, அந்தப் பெண்களை மேற்பார்வையிட நிர்வாகம் வைத்த ஆள், தலையைச் சொறிந்துகொண்டே, "நானுந்தாங்க கொஞ்சம் எறங்குனேன்" என்றார். கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. அப்போது அண்ணி கையை இறக்கிவிட்டுச் சொன்னாள்.

"சரிங்க ஐயா, அரைப் பேரே போடுங்க. ஆனா ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. நாளைக்கு ஒருத்தி இப்படி ஓடி வந்தா நாங்க ஓடணுமா, நின்னு கொழுந்து பறிக்கணுமா? நீங்க சொல்றபடி செய்யிறோம்."

சிரிப்பு நின்றது. கணக்கப்பிள்ளை கைபேசியைப் பார்த்தார், ஆபீஸ் பக்கம் பார்த்தார். "வேலைக்குப் போங்க, நேரமாச்சு, வேலைக்குப் போங்க" என்றார்.

மாலையில் எல்லோருக்கும் முழுப் பேர் விழுந்திருந்தது. 'இந்த ஒரு தடவை மன்னிச்சிருக்கு' என்று கங்காணி வழியாகச் சொல்லி அனுப்பினார்கள். எதை மன்னித்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. அண்ணி முறைத்தாள். நான் விமானம் ஏறிப் போய்விடுவேன், அவள் நாளைக்கும் அதே களத்தில் நிற்க வேண்டும். தோட்டத்தின் பெயரை இங்கே எழுதாததற்கும் அதுதான் காரணம். நான் புறப்படுவதற்கு முன் பாதை வளைவில் ஒரு பலகை நட்டார்கள். அனுமதியின்றி ஓடுவது தடை. மீதி நாட்களில் நான் அந்தப் பாதையில் நடந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும், "என்ன சாந்தி, இன்னிக்கு லீவா?" என்று கேட்டார்கள்.

இங்கே திரும்பி வந்து இழந்த மூச்சை மறுபடி சேர்த்தேன். பாலம் பாலமாகக் கூட்டினேன். போட்டி நாளில் ஜேனட் என் மார்பில் எண்ணும் பெயரும் எழுதிய அட்டையைக் குத்திவிட்டார். தெருவின் இருபுறமும் முன்பின் தெரியாதவர்கள் கை தட்டி, "கமோன் சாந்தி!" என்று கூவினார்கள். என் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் ஏன் ஓடுகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசி ஏற்றத்தில் தொடை இரண்டும் பலகையாகிவிட்டன. விளக்குக் கம்பம் எண்ணி எண்ணித்தான் முடித்தேன். கழுத்தில் பதக்கம் மாட்டினார்கள்.

அன்றே அண்ணியை அழைத்தேன்.

"ஓடி முடிச்சிட்டியா? பின்னால யாரும் கம்பளியத் தூக்கிட்டு வரலியே?"

"வரல அண்ணி."

"பாவம்டி நீ."

ஹோட்டல்காரர்களின் போட்டியும் நடந்து முடிந்திருந்தது. முந்தின நாள் பெரட்டிலேயே சொல்லிவிட்டார்களாம், வெள்ளைக்காரர்கள் ஓடுவார்கள், யாரும் பதற வேண்டாம், மலையை விட்டு இறங்க வேண்டாம் என்று. அந்தப் பலகையைத் தாண்டித்தான் எல்லோரும் ஓடினார்களாம். தடையை அவர்களுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. பெண்கள் மேலே நின்று பறித்துக்கொண்டே பார்த்தார்களாம். "நல்லாத்தான் இருந்துச்சு, கலர் கலரா" என்றாள். பிறகு சொன்னாள்: "அதுக்கப்புறம் ஒரு பழக்கம் வந்திருச்சு சாந்தி. யாராச்சும் ஓடுனா ஒரு நிமிஷம் நின்னு பாக்குறோம். சும்மா ஓடுதா, நெசமா ஓடுதானு. பாத்துட்டுத்தான் எறங்குறோம்."

அரைப் பேரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு நிமிடத்தை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். குளவி கொட்டிய உடம்புக்கு ஒரு நிமிடம் என்றால் என்ன என்று அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்டு எந்த ஆபீசுக்குப் போவது? அது எந்தச் செக்ரோலிலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் கால்வாய்க் கரையில் ஓடுகிறேன். பின்னால் வேகமான காலடிச் சத்தம் கேட்டால் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிட வேண்டும், அது ஜேனட் சொல்லித் தந்த ஒழுங்கு. ஒதுங்குகிறேன். ஆனால் சத்தம் என்னைத் தாண்டும்போது நின்று, கடந்துபோகும் அந்த முகத்தைப் பார்க்கிறேன். அநேகமாகக் காதில் பாட்டு கேட்டுக்கொண்டு போகிற முகம்தான். அது வளைவில் மறையும்வரை என் கை என்னையறியாமல் இடுப்பில் தேடுகிறது, அங்கே கட்டியிராத ஒரு படங்குச் சாக்கின் முடிச்சை.